முதல் வாரத்தைத் தவற விடலாமா?

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்து, மெரிட் லிஸ்டில் பெயரும் வந்து, வட்டிக்கோ சீட்டுப் பணத்திலோ கட்டணத்தையும் கட்டியாயிற்று. பெரிய பாரம் இறங்கியது என்று நினைத்து, அட்மிஷன் முடிந்த கையோடு குடும்பமே ஊருக்கு வண்டி ஏறுகிறது. ஊரில் கோயில் கொடை, சித்தப்பா வீட்டுக் கல்யாணம், பேரனைப் பார்க்கவேண்டுமென்று பாட்டியின் பிடிவாதம். காரணத்துக்கா பஞ்சம்? "கிளாஸே இன்னும் ஆரம்பிக்கலியே அண்ணாச்சி, முதல் வாரம் சும்மா பேச்சும் பாட்டும்தானாம். பத்து நாள் கழிச்சுப் போனா என்ன குடி முழுகிப் போகும்?" தாராவியிலிருந்து டோம்பிவிலி வரை, மும்பையில் நம்மவர் வாழும் பகுதிகளில் ஜூன் மாதம் பிறந்தால் கேட்கிற பேச்சு இது.

குடி முழுகாது என்பது உண்மைதான். ஆனால் பத்து நாள் கழித்துக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளை இழப்பது பாடத்தை அல்ல. பாடத்தைப் பக்கத்திலிருப்பவனின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தில் கல்லூரி அலுவலகத்தில் நடந்து முடிகிற காரியங்கள்தாம் பின்னால் ஆளை அலைக்கழிக்கின்றன. அப்பனும் தாத்தாவும் பட்டம் வாங்கிய வீட்டுப் பிள்ளைக்கு இவற்றை வீட்டிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். தோல் பட்டறையிலும், இட்லி வியாபாரத்திலும், கம்பெனி குமாஸ்தா வேலையிலும் காலம் தள்ளுகிறவர் வீட்டில், கல்லூரி வாசலை முதலில் மிதிக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது? அந்த வாரம் ஏற்பட்டிருப்பதே அப்படிப்பட்ட பிள்ளைக்காகத்தான். அதைத் தவறவிடுகிறவனும் பெரும்பாலும் அவனே என்பதுதான் பரிதாபம்.

இதற்கு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பெயர். ஓரியண்டேஷன் என்பார்கள், இண்டக்ஷன் என்பார்கள், சில இடங்களில் வரவேற்பு வாரம். பொறியியல் கல்லூரிகளுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-ல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தில், முதலில் மூன்று வாரம் இதற்கென்றே ஒதுக்கும்படி சொல்லப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் எல்லாக் கல்லூரிகளுக்கும் வழிகாட்டி ஒன்றைத் தந்தது. உடற்பயிற்சி, கலை, ஊர் சுற்றிப் பார்த்தல், ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஓர் ஆசிரியர் என்று அதில் பல நல்ல யோசனைகள் உண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரண ஆர்ட்ஸ், காமர்ஸ் கல்லூரிகளில் இது சுருங்கி ஒரு வாரமாகவோ, இடநெருக்கடி உள்ள இடங்களில் இரண்டு மூன்று நாளாகவோ நடக்கிறது. சுருங்கச் சுருங்க, ஒரு நாள் போகாவிட்டாலும் நஷ்டம் அதிகம்.

முதல் நாள் மண்டபத்தில் பேச்சுகள். முதல்வர் பேசுவார், துறைத் தலைவர்கள் பேசுவார்கள், பழைய மாணவர் ஒருவர் வந்து தாம் முன்னுக்கு வந்த கதையைச் சொல்வார். தூக்கம் வரும். வரட்டும், அதனால் மோசமில்லை. ஆனால் நடுவில் ஒருவர் எழுந்து வருகைப் பதிவைப் பற்றிச் சொல்லும்போது விழித்திருக்கவேண்டும். மும்பைப் பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். குறைந்தால் தேர்வு எழுத விடாமல் நிறுத்த இடமுண்டு. ஊரில் தங்கிய பத்து நாளும் இந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இனி அலுவலகக் காரியங்கள். இவற்றில் தலையாயது பெயர். கேட்டால் சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் மகாராஷ்டிரத்தில் தமிழர் வீட்டுப் பிள்ளை படுகிற தொல்லைகளில் பாதி இதில்தான் ஆரம்பமாகிறது. இங்கே எந்தப் படிவத்தை எடுத்தாலும் முதலில் குடும்பப் பெயர், பிறகு தன் பெயர், பிறகு தகப்பனார் பெயர், தாயார் பெயர் என்று நான்கு கட்டங்கள். நமக்கோ இனிஷியலோடு சரி. சுடலைமுத்து மகன் முத்துக்குமார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் யாரோ தகப்பன் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆதாரில் முத்துக்குமார் எஸ். வங்கியில் எஸ். முத்துக்குமார். முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் 'சுடலைமுத்து' என்று கூப்பிட, அப்பா எங்கே வந்தார் என்று பையன் திரும்பிப் பார்க்கிறான்.

இது சிரிப்போடு போகிற சங்கதி அல்ல. இப்போது மாணவர் பெறுகிற மதிப்பெண் கணக்கெல்லாம் 2021-ல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியில் சேர்கிறது. அதற்கான எண்ணை ஆதாரை வைத்துத்தான் எடுக்கவேண்டும். உதவித்தொகையும் ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கே வருகிறது. மூன்றில் மூன்று விதமாகப் பெயர் இருந்தால் ஒன்று மற்றொன்றை ஏற்காது. முதல் வாரத்தில் கல்லூரிப் பதிவேட்டில் எழுதுகிற பெயர்தான் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, கடைசியில் பட்டச் சான்றிதழிலும் அதுவே ஏறுகிறது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் கொடுத்துவிட்டு, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஒத்தபடி திருத்திக்கொள்வது நல்லது. பெயர் எழுதிய பட்டியலைச் சரிபார்க்கும்படி பல கல்லூரிகளில் அந்த வாரமே ஒட்டிவிடுகிறார்கள். அப்போது ஒரு கோடு அடித்துத் திருத்துவதற்கும், மூன்று வருஷம் கழித்து அரசிதழில் விளம்பரம் கொடுத்துத் திருத்துவதற்கும் உள்ள வித்தியாசத்தை, அலைந்து பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது பாடத் தேர்வு. முன்பெல்லாம் பி.காம் என்றால் பி.காம், கல்லூரி சொன்னதைப் படிக்கவேண்டியதுதான். புதிய கல்விக் கொள்கை மகாராஷ்டிரத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு 2024-25 கல்வியாண்டில் வந்தபிறகு, மேஜர், மைனர், ஓப்பன் எலெக்டிவ் என்று பட்டியல் நீண்டுவிட்டது. மேஜர் என்பது முக்கியப் பாடம். ஓப்பன் எலெக்டிவ் என்பது தன் பிரிவுக்கு வெளியே எடுக்கவேண்டிய பாடம்; காமர்ஸ் மாணவன் ஆர்ட்ஸ் பக்கமோ சயன்ஸ் பக்கமோ ஒன்றைப் பொறுக்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை கிரெடிட் என்று கணக்கு. வகுப்புப் பாடமானால் 15 மணி நேரம் ஒரு கிரெடிட். மூன்று வருஷப் பட்டத்துக்குக் குறைந்தது 120 வேண்டும். நாலாவது வருஷமும் படித்தால் ஆனர்ஸ் பட்டம். இவ்வளவையும் அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்குகிறார்கள். பிறகு படிவம். எலெக்டிவ் பாடங்களில் இடம் குறைவாக உள்ள கல்லூரிகளில் முந்தியவருக்கே கிடைக்கும். பிந்தி வருகிறவனுக்கு மிச்சம் கிடக்கிறதுதான். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, தனக்குச் சம்பந்தமே இல்லாத பாடத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது இப்படித்தான்.

சீசன் டிக்கெட் சலுகை எல்லோருக்கும் தெரிந்ததென்று நினைக்கிறோம். தெரிந்தவர்களே முதல் மாதம் முழுக்கட்டணம் கட்டுகிறார்கள். மாணவருக்கு மாதச் சீசனிலும் மூன்று மாதச் சீசனிலும் பாதிக் கட்டணம்தான். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவருக்கு இன்னும் அதிகச் சலுகை. வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்குப் பக்கத்து ஸ்டேஷன் வரை மட்டுமே இது செல்லும். கல்லூரி தருகிற சலுகைப் படிவம் இல்லாமல் கவுண்டரில் எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. உள்ளே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா கல்நெஞ்சர் அல்ல. முத்திரையில்லாமல் கொடுத்தால் வித்தியாசத்தை அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள். படிவம் வாங்கக் கல்லூரி அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் போட்டோ எடுப்பது முதல் வாரத்தில். அன்றைக்கு இல்லாதவன் அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கவேண்டும். சங்கிலி இப்படிப் போகிறது. பாதிக் கட்டணப் பாஸ் கையில் இருந்தாலும் அடையாள அட்டை கூடவே இருக்கவேண்டுமென்பதையும், டிக்கெட் பரிசோதகரிடம் மாட்டிய பிறகு தெரிந்துகொள்ளாமல் முன்னாலேயே தெரிந்துகொள்ளட்டும்.

உதவித்தொகையைப் பற்றி ஒரு கசப்பான உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழைப் பத்திரமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இங்கே மாநில அரசின் சலுகை கிடைக்குமென்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாதென்று சுப்ரீம் கோர்ட் 1990-லேயே ஒரு மருத்துவ மாணவர் வழக்கில் சொல்லிவிட்டது. மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு 1950 ஆகஸ்ட் 10, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13 ஆகிய தேதிகளில் குடும்பம் இங்கே குடியிருந்ததா என்று பார்க்கிறார்கள். தாராவியில் தோல் பதனிட வந்த பழைய குடும்பங்களில் தாத்தாவின் ரேஷன் கார்டோ, மில் வேலைச் சீட்டோ, பள்ளிச் சான்றிதழோ கிடைத்தால் காரியம் ஆகலாம். பிறகு வந்தவர்களுக்கு மத்திய அரசின் கல்வி நிலையங்கள், வேலைகள் விஷயம் வேறு. மாநிலச் சலுகை இல்லை. ஆனால் வருமானத்தை மட்டும் பார்த்துத் தருகிற கட்டணச் சலுகைகளும் உண்டு. அவற்றுக்கு இங்கே குடியிருப்புச் சான்றிதழும் தாசில்தாரின் வருமானச் சான்றிதழும் வேண்டும். உதவித்தொகை குமாஸ்தா முதல் வாரத்தில் ஒரு நாள் மாணவர்கள் முன்னால் வந்து நிற்பார். கூச்சப்படாமல் கையைத் தூக்கி, "எங்கள் குடும்பம் இந்த வருஷம் வந்தது, எனக்கு எது பொருந்தும்?" என்று கேட்கிற பிள்ளைக்கு ஒரு வருஷ அலைச்சல் மிச்சம்.

கையைத் தூக்குவதில்தான் சிக்கலே இருக்கிறது. மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் ஆரம்பித்து, நடுவில் ஆங்கில வகுப்புக்கு மாறி, தட்டுத்தடுமாறி மேலே வந்த பிள்ளைகள் ஏராளம். கல்லூரி மண்டபத்தில் தென்மும்பை கான்வெண்ட் ஆங்கிலம் நாலு பக்கமும் கேட்கும்போது அவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எழுந்து தன்னைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசச் சொல்வார்கள். இதற்குப் பயந்தே மறுநாள் போகாதவர்கள் உண்டு. வீட்டில் தலைவலி என்று சொல்லிவிடுவார்கள். பெற்றோர் இதைப் புரிந்துகொள்ளவேண்டும். அதட்டிப் பயனில்லை. முந்தின இரவு பெயர், படித்த பள்ளி, பிடித்த பாடம் என்று நாலு வாக்கியம் எழுதி வீட்டிலேயே சொல்லிப் பார்க்கட்டும். கேட்கிற அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியவேண்டியதில்லை. மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப்பேர் இதே பயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது ஒரு வாரம் போனால் தானே விளங்கும். அந்த ஒரு வாரம் போகவேண்டுமே!

ராகிங் பற்றிய கவலை எல்லாத் தாய்மார்களுக்கும் உண்டு. நியாயமான கவலைதான். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதை நம்மவர் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் வந்தது. மகாராஷ்டிரத்தில் 1999-ல் வந்தது. இங்கே ராகிங் செய்தவருக்கு இரண்டு வருஷம் வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். ஐந்து வருஷம் வேறெங்கும் சேரமுடியாது. புகார் வந்தால் ஏழு நாளுக்குள் கல்லூரித் தலைமை விசாரிக்கவேண்டும். 2009-ல் ஹிமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, நாடு முழுவதற்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளும், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடக்கூடிய இலவசத் தொலைபேசியும் (1800-180-5522) வந்தன.

அடி உதை மட்டும்தான் ராகிங் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016-ல் அந்த விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. நிறம், சாதி, மதம், பிறந்த இடம், குடியிருக்கும் இடம், பேசும் மொழி, எந்தப் பிரதேசத்தவர் என்பது, பணவசதி இவற்றைச் சொல்லி ஒரு மாணவரை மனம் நோகச் செய்வதும், கூட்டத்தில் சேர்க்காமல் ஒதுக்குவதும்கூட ராகிங் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். 'மதராசி' என்றும், கறுப்பன் என்றும், "தாராவியா? மூக்கைப் பொத்திக்கொள்" என்றும் சொல்வதை வேடிக்கையென்று இனி யாரும் தள்ளிவிட முடியாது. வாட்ஸ்அப்பில் குழு சேர்த்து இளைய மாணவரை மிரட்டுவதும் அப்படியே என்று 2025-ல் மானியக் குழு கல்லூரிகளுக்கு எழுதியது. ஒவ்வொரு வருஷமும் மாணவரும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுக்கவேண்டும். கம்ப்யூட்டர் கடையில் இருபது ரூபாய் கொடுத்து யாரையோ நிரப்பச் சொல்லிவிட்டு வருகிறோம். அதை ஒரு தடவை படித்தால் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறதென்று தெரியும். தன் பிள்ளை இன்னொருவனைச் சீண்டினால் என்ன ஆகுமென்பதும் தெரியும். அடுத்த வருஷம் இவனும் சீனியர்தானே.

இதற்காக மூத்த மாணவர் எல்லோரையும் கண்டு ஒளியவும் வேண்டாம். எந்தப் புத்தகம் நூலகத்தில் கிடைக்கும், எந்தக் கடையில் பாதி விலைக்குப் பழையது கிடைக்கும், எந்த அலுவலக ஜன்னலில் எத்தனை மணிக்குப் போனால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி. இரண்டுக்கும் பெயர் கொடுப்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை செய்தால் சான்றிதழ் உண்டு. போலீஸ், ராணுவம் என்று கனவு காண்கிற பையன்களுக்கு என்.சி.சி.யைச் சொல்லவே வேண்டியதில்லை. வார முடிவில் பிரெஷர்ஸ் பார்ட்டி என்று ஒன்று வரும். அதற்குச் சந்தா, ஒரே நிறத்துச் சட்டை என்று கேட்பார்கள். கொடுக்க முடிந்தவர் கொடுக்கலாம். முடியாதவர் முடியாதென்று சொல்லலாம். அதற்கும் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை.

கல்லூரிகளின் பேரிலும் குறை இல்லாமல் இல்லை. பெற்றோர் கூட்டத்தை வார நாளில் காலை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அரை நாள் லீவு. தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் சோறு. அப்படியும் வந்து உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரமும் ஆங்கிலம். மும்பையில் மராத்தியிலோ இந்தியிலோ பேசினால் புரியாத தகப்பன் அநேகமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம், இந்தியில் ஒரு பக்க அச்சுத்தாள் இவ்வளவு செய்தால் போதும். இதற்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. கேட்டால் செய்யக்கூடியவர்களே, கேட்பார் இல்லை.

நம் சங்கங்களும் இதில் கொஞ்சம் கண் திறக்கலாம். வருஷந்தோறும் ஜூன் மாதத்தில் இலவச நோட்டுப் புத்தகம் வழங்குகிறார்கள், நல்ல காரியம். மேடை, மைக், பொன்னாடை, பத்திரிகைக்குப் போட்டோ எல்லாம் உண்டு. அதே மண்டபத்தில் அதே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லூரியில் இரண்டாம் மூன்றாம் வருஷம் படிக்கிற நம் பிள்ளைகள் பத்துப் பேரை உட்காரவைத்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் படிவங்களைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னால் என்ன? பெயர் ஒழுங்காக இருக்கிறதா, எலெக்டிவ் எது எடுக்கலாம், சான்றிதழில் எது குறைகிறது என்று பார்க்க ஒரு பிள்ளைக்கு அரைமணி நேரம் போதும். பொன்னாடை இரண்டைக் குறைத்தால் டீச் செலவு சரியாகிவிடும்.

ஊருக்குப் போவதை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கல்லூரி திறக்கும் தேதியைக் கட்டணம் கட்டும்போதே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்பாவது மும்பை வந்து சேரும்படி திரும்பும் டிக்கெட்டை எடுக்கவேண்டும். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளைக்குள்தான். ஜூன் நடுவில் திருநெல்வேலியிலும் நாகர்கோவிலிலும் ஏறுகிறவர் ஏப்ரல் நடுவிலேயே எடுத்தாகவேண்டும். தேதி முன்பின்னானால் குடும்பம் முழுவதும் திரும்பவேண்டியதில்லை. பிள்ளைக்கு மட்டும் ஒரு தட்கல் டிக்கெட் போட்டு அனுப்பலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் தனியாக இரண்டு இரவு ரயிலில் வரமாட்டானா? கூடவே புளிச்சோறு கட்டிக் கொடுக்கும்போது, மதிப்பெண் பட்டியலின் அசலையும் மறக்காமல் பெட்டியில் வைத்தனுப்பட்டும். முதல் நாள் அதைத்தான் கேட்பார்கள்.